அம்மாவும் வரட்டும், மைசூருக்கு!

தசரா நெருங்கினால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷமாவது மைசூர் போகலாமா?" என்று குழந்தைகள் கேட்கும். லீவு, டிக்கெட், ரூம் வாடகை என்று கணக்குப் போடுவோம். கடைசியில் ஒருவர் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். அவர் முழங்கால் வலிக்காரராக இருப்பார். அல்லது போலியோவில் கால் சூம்பியவராக, பக்கவாதம் வந்து தேறிக் கோல் ஊன்றி நடப்பவராக இருப்பார். நாமும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

எங்கள் வீட்டில் அந்தச் சாவி அம்மாவிடம் இருந்தது.

அம்மாவுக்கு வயது 64. கல்யாணமாகித் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக்கு வந்தவர். அப்பா ரெயில்வேயில் வேலை பார்க்கும்போதே காலமாகிவிட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வயது வந்து, அவர் இடத்தில் வேலையில் சேரும்வரை வீட்டில் ஊதுவத்தி உருட்டி எங்களைக் காப்பாற்றியவர் அம்மா. பலகையை முன்னால் வைத்துக்கொண்டு தினமும் பத்து மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு முழங்காலும் தேய்ந்ததற்கு அதுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். "வயது, உடம்பு எடை, அந்த உட்காரும் முறை எல்லாம் சேர்ந்துதான்" என்றார்.

பெங்களூருக்கும் மைசூருக்கும் ரெயில் பாதை 140 கிலோ மீட்டர்கூட இல்லை. நாற்பது வருஷமாக அம்மா அந்த ஊரைப் பார்த்ததில்லை. நானோ டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் நூறு பேரை மைசூருக்கு அனுப்பி வைக்கிறவன்!

ஏழு படி

மூன்று வருஷத்துக்கு முன்பு தசராவுக்கு அம்மாவை வற்புறுத்தி அழைத்துப் போனோம். நானே எல்லா ஏற்பாடும் செய்தேன். அதாவது, தப்பும் தவறுமாகச் செய்தேன்.

தங்கும் விடுதிக்குப் போன் செய்து, "கீழ்த்தளத்தில் ரூம் வேண்டும்" என்றேன். "உண்டு" என்றார்கள். அது பொய்யல்ல. ரூம் கீழ்த்தளம்தான். ஆனால் தெருவிலிருந்து அந்தக் கீழ்த்தளத்துக்கு ஏழு படி. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. குளியலறையில் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. நான் அதையெல்லாம் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

விஜயதசமியன்று ஊர்வலம் பார்க்கக் கிளம்பினோம். அம்பாரி யானை அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோ மீட்டர் போகும். தங்க அம்பாரியின் எடை மட்டும் 750 கிலோ. வழி நெடுகிலும் ஜனக்கடல். அந்தக் கூட்டத்தில் அம்மா நிற்க முடியாது என்று அப்போதுதான் எங்களுக்குப் புத்தியில் உறைத்தது. "நான் ரூம்லயே இருக்கேம்பா. டி.வி.யில காட்டுவாங்க இல்ல?" என்றார்.

இரவு எட்டு மணிக்குத் திரும்பினோம். காலையில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை என் மகள்தான் முதலில் பார்த்தாள். "ஆயா, தண்ணி அப்படியே இருக்கே?" என்றாள்.

காலையிலிருந்து அம்மா ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் எழுந்திருக்க முடியாது. கைகொடுத்துத் தூக்க ஆளில்லை. அதனால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மா சாவியை விடவேயில்லை.

போன வருஷம் மறுபடி போனோம். இந்த முறை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதவில்லை. அம்மா எத்தனை படி ஏறுவார், எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை நிமிஷம் நிற்பார் என்று எழுதினேன். கம்பி இருந்தால் பத்துப் படி. நடை, எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடை வரை, நடுவில் ஒருதரம் உட்கார்ந்து. நிற்பது, பத்து நிமிஷம். இந்த அளவுக்குள் மைசூரில் எது அடங்கும் என்று அதன் பிறகே பார்த்தேன்.

எப்போது போவது?

காலில் பிரச்சினை உள்ளவர்களோடு தசராவின் பத்து நாளும் மைசூர் போகாதீர்கள். இது என் முடிவான அபிப்பிராயம். ரூம் கிடைப்பது கஷ்டம், வாடகை ஏறிவிடும், அரண்மனையைச் சுற்றியுள்ள பல தெருக்களில் வண்டியை விடமாட்டார்கள். ஆட்டோவை எங்கேயோ நிறுத்தி, "இதற்கு மேல் நடந்து போங்கள்" என்பார்கள். நம்மால் முடியாதது அதுதானே?

தசரா முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனால் ஊர் அமைதியாக இருக்கும். வெயில் சுடாது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மைசூரில் அக்டோபர் நல்ல மழை மாதம். காலையில் வெயிலடிக்கும், மத்தியானத்துக்கு மேல் கருத்துக்கொண்டு வரும். நனைந்த கல்தரையில் கோல் வழுக்கும். கோலின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே புதிதாக மாற்றிவிடுங்கள். ஒரு டீ செலவுதான்.

கோல் என்றதும் இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் அம்மாவின் கோலைப் பார்த்ததும், "பாட்டி, தப்பான கையில பிடிச்சிருக்கீங்க" என்றார். வலது கால் அதிகம் வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டுமாம். கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் கோலின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வரவேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைப்பது. இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைப்பது. ஐந்து நிமிஷப் பாடம். எத்தனையோ வருஷமாக அம்மா இதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தார்!

பஸ்ஸா, ரெயிலா?

2023 ஜூன் மாதம் கர்நாடக அரசு பஸ்களில் இந்த மாநிலப் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. இங்கேயே முகவரி உள்ள நம் பெண்களுக்கும் அது பொருந்தும். அதனால் அம்மா முதலில் "பஸ்ஸிலேயே போயிடலாமே" என்றார். காசு மிச்சம்தான். ஆனால் பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முழங்கால் வலிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். நடுவழியில் கழிப்பறை வேண்டும் என்றாலும் சிரமம். ரெயிலில் கழிப்பறை உண்டு. எழுந்து இரண்டடி நடந்து காலை நீட்டலாம். ரெயில்வேக்காரன் ரெயிலைத்தான் புகழ்வான் என்று நினைக்க வேண்டாம். வலி இல்லாதவர்கள் தாராளமாக பஸ்ஸில் போகட்டும்.

வண்டியைப் பொறுத்து இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் ஆகும். விடியற்காலை வண்டி வேண்டாம். தேய்ந்த மூட்டு காலையில் எழுந்ததும் மரக்கட்டை மாதிரி இருக்கும். சற்று நடமாடி, வெந்நீரில் குளித்த பிறகுதான் வழிக்கு வரும். நாங்கள் பத்து மணிக்கு மேல் கிளம்பும் வண்டியைப் பிடித்தோம்.

2022 நவம்பரில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே வந்தே பாரத் விட்டார்கள். அது பெங்களூர் வழியாகப் போகிறது. கட்டணம் கூடுதல். ஆனால் அதன் கதவருகே பலகை ஒன்று நீண்டு வந்து பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது. இரண்டு கோடிப் பெட்டிகளிலும் சக்கர நாற்காலி நிறுத்த இடமும் அகலமான கழிப்பறையும் உண்டு. நாற்காலியைவிட்டு இறங்க முடியாதவர்களுக்கு இந்த வண்டிதான் சரி. பல எக்ஸ்பிரஸ் வண்டிகளில் கார்டு வண்டியோடு சேர்ந்தாற்போல் மாற்றுத்திறனாளிகளுக்கென்று அகலக் கதவுள்ள பெட்டி ஒன்று இருக்கும். அது எந்தக் கோடியில் வரும் என்று முன்பே விசாரித்து அங்கேயே நிற்க வேண்டும். வண்டி வந்த பிறகு ஓட நம்மால் முடியாது.

சலுகை யாருக்கு?

எனக்குப் பாஸ் உண்டு. நம்பி வாழும் விதவைத் தாயாரையும் அதில் சேர்க்கலாம். வாசகர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, கவுண்டரில் நான் தினமும் சொல்லும் பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஆதார் அட்டையை நீட்டி, "வயசு 70 ஆகுது, பாதி டிக்கெட் குடுங்க" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

ஆனால் கை, கால் ஊனமுற்று, துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்குச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி., ஏ.சி. சேர் கார் ஆகியவற்றில் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும். கூட வரும் துணை ஒருவருக்கும் அதே சலுகை. முழுப் பார்வை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். அரசு டாக்டரிடம் உரிய படிவத்தில் சான்று வாங்கி, ரெயில்வே கோட்ட அலுவலகத்தில் புகைப்பட அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலி என்று வெறுமனே எழுதிக் கொடுத்த சீட்டு செல்லாது. அம்மாவுக்குக் கிடைக்காது, விசாரித்துவிட்டேன்.

மைசூர்ப் பயணத்துக்குத் தேவைப்படாத, ஆனால் இரவு வண்டியில் ஊருக்குப் போகும்போது அவசியமான விஷயம் ஒன்று. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. தனியாகவோ, இதே தகுதியுள்ள இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியும். குடும்பத்தில் ஆறு பேரையும் ஒரே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கு மேல் படுக்கை போட்டுட்டியே, உனக்கு அம்மா இல்லையா?" என்று என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். மற்றவர்கள் வேறு டிக்கெட்டில் அதே வண்டியில் வரலாம்.

"நான் என்ன நோயாளியா?"

டிக்கெட், பெட்டி எல்லாம் சரியானாலும் ஒரு தடை இருந்தது. சக்கர நாற்காலி. ஸ்டேஷனில் கேட்டால் தருவார்கள். தள்ளிக்கொண்டு போகப் போர்ட்டருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ரூமிலிருந்து கிளம்பும் முன்பே 139 எண்ணில் உதவி கேட்கலாம்.

அம்மா நாற்காலியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் என்ன நோயாளியா? நம்ம தெருக்காரங்க யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார். ஸ்ரீராமபுரத்துக்காரர்கள் எப்போதும் ஸ்டேஷனில்தான் நிற்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. (பாதி உண்மை.)

நானும் என் மனைவியும் கெஞ்சியதில் பலனில்லை. வயதான போர்ட்டர் ஒருவர்தான் காரியத்தை முடித்தார். அவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். "யக்கா, என் முட்டியும் போச்சு. நடந்து வந்தீங்கன்னா நான் உங்க கூட மெதுவா நடக்கணும். உக்காந்தீங்கன்னா இதைப் புடிச்சிக்கிட்டு நானும் சுகமா நடப்பேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு எங்களுக்கு மிச்சமானது பாதாளமும் மேம்பாலமும் மட்டுமல்ல. பெட்டியில் ஏறும்போது அம்மாவின் கால் களைத்திருக்கவில்லை. அந்தத் தெம்பு மைசூர் வரை வந்தது.

காவிரியில் எட்டணா

பாண்டவபுரம் தாண்டியதும் அம்மாவை ஜன்னல் ஓரம் மாற்றி உட்கார வைத்தோம். அதுவரை நடைவழி ஓரம். காலை நீட்ட அதுதான் சௌகரியம். ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி நடுவே உள்ள தீவு. ரெயில் இரண்டு கிளைகளையும் தாண்டுகிறது. ஆதிரங்கம் என்று பெரியவர்கள் சொல்லும் ரங்கநாதர் கோயில் அங்கேதான். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய எட்டணாவை எடுத்துக் காவிரியில் போட்டார். எத்தனை வருஷமாக அந்தக் காசை வைத்திருந்தாரோ, கேட்கவில்லை.

அங்கே திப்புவின் ஆயுதக்கிடங்கு ஒன்று உண்டு. இரட்டைப் பாதை போட அது குறுக்கே நின்றது. இடிக்காமல், சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டிடத்தை 2017-ல் அப்படியே பெயர்த்து நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். இதை நான் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா சொன்னார்: "கல்லுக் கட்டடத்தை நகத்தத் தெரியுது. என்னை நகத்தத்தான் உங்களுக்கு நாப்பது வருஷம் ஆச்சு."

எங்கே போனோம், எங்கே போகவில்லை

ரூம் பிடிக்க இந்த முறை நான்கு கேள்வி கேட்டேன். தெருவிலிருந்து ரூம் கதவு வரை மொத்தம் எத்தனை படி? கழிப்பறை நாற்காலி மாதிரியா, தரையிலா? குளியலறை வாசலில் தடுப்புக் கல் உண்டா? கட்டில் முழங்கால் உயரமாவது இருக்கிறதா? மூன்று விடுதிகள் எரிச்சல்பட்டன. நான்காவது விடுதி மேனேஜர் போனை வைத்துவிட்டு எழுந்து போய் எண்ணிப் பார்த்து, "இரண்டு படி சார்" என்றார். அங்கேயே போனோம்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து அன்று ஓய்வு. ஞாயிறு காலை மிருகக்காட்சி சாலை. 1892-ல் தொடங்கியது. உள்ளே சுற்றி வர மூன்று கிலோ மீட்டருக்கு மேல் ஆகும். நடக்க முடியாதவர்களுக்குத் தனிக் கட்டணத்தில் பாட்டரி வண்டி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அம்மா ஒட்டகச்சிவிங்கியை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு முட்டி வலி வந்தா என்ன செய்யும்?" என்று கேட்டார்.

சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி என்று பயப்படத் தேவையில்லை. உச்சி வரை ரோடு உண்டு, பஸ் போகிறது. 1659-ல் செதுக்கிய பெரிய நந்தியையும் ரோட்டு வழியாகவே போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை கடைத்தெரு வழியே நடை இருக்கிறது என்பதால் அம்மா இதை அடுத்த முறைக்கு ஒத்திவைத்தார்.

பிருந்தாவனத்தை நானே வெட்டினேன். அடுக்கடுக்கான தோட்டம், ஏற்ற இறக்கம் அதிகம். தேவராஜ மார்க்கெட் சந்துகளில் இடிபடாமல் நடக்க முடியாது. வாசலிலேயே மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டோம். குதிரை வண்டி பார்க்க அழகு, ஏறுவது அவஸ்தை. ஆட்டோதான் நல்லது. முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுக்க வேண்டும். ஸ்டேஷனை ஒட்டிய ரெயில் மியூசியம் 1979-ல் ஏற்பட்டது. மகாராணியின் சலூன் பெட்டி அங்கே இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை மட்டுமே. அம்மாவுக்கு ரெயிலைப் பார்த்து அலுத்துவிட்டது.

விளக்கு

அரண்மனைக்கு உள்ளே போவதா என்பதில் வீட்டில் விவாதம். செருப்பைக் கழற்ற வேண்டும். பொம்மைத் தொட்டியும், கிளாஸ்கோவில் செய்த வண்ணக் கண்ணாடிக் கூரையுள்ள கல்யாண மண்டபமும் கீழே. தர்பார் மண்டபம் மாடியில். "நீங்க போய்ப் பாருங்க. எனக்கு லைட்டு போடறதைப் பாத்தாப் போதும்" என்றார் அம்மா. அதுவும் வழக்கமான தியாகமோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டு தடவை கேட்டேன். இல்லை, நிஜமாகவே அதுதான் ஆசை. காலண்டரில் பார்த்த படமாம்.

தசரா நாட்களில் தினமும் இரவு விளக்கேற்றுகிறார்கள். மற்ற சமயம் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் ஏழு மணி வாக்கில் முக்கால் மணி நேரம். நேரம் மாறலாம், அன்று காலையே கேட்டுக்கொள்ளவும்.

ஆறரைக்கே போய்விட்டோம். மடக்கு ஸ்டூல் ஒன்று கையோடு கொண்டுபோயிருந்தேன். இந்தப் பயணத்தில் நான் வாங்கியவற்றில் உருப்படியான பொருள் அதுதான். மழை தூறி நின்றிருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கதை சொன்னேன். பழைய மர அரண்மனை 1897-ல் தீப்பிடித்துப் போக, இதைக் கட்டி 1912-ல் முடித்தார்கள். வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். நம் எழும்பூர் ஸ்டேஷனும் அவர் வரைபடம்தான். எழும்பூரைக் கட்டிய காண்டிராக்டர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. "நம்ம ஊர்க்காரரா!" என்றார் அம்மா.

சட்டென்று விளக்குகள் எரிந்தன. சுமார் ஒரு லட்சம் பல்பு. சுற்றியிருந்தவர்கள் "ஹோ" என்று கூவினார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் விளக்கைச் சரியாகப் பார்க்கவில்லை.

கடைசியில் கேட்டார்: "கரண்டு பில்லு யாருப்பா கட்டுவாங்க?"

பிறகு என் மனைவியிடம் இருந்த பாட்டிலை வாங்கி, தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

திங்கட்கிழமை ஒருநாள் லீவு போட்டிருந்தேன். திரும்பும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இங்க எறங்கினா ரங்கநாதர் கோயிலுக்கு எத்தனை படிப்பா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இந்த மாதம் வார லீவு நாளில் தனியாகப் போய் எண்ணிக்கொண்டு வரப் போகிறேன்.